காலிக்குடத்தோட கூடின கிராமசபை

பேருதான் ஊத்துப்பட்டி, ஊத்து அந்தப் பேருல மட்டும்தான் இருந்துச்சு. அரசாங்கப் பணத்துல தொட்டி கட்டி, குழாயும் போட்டு, ரெண்டு வருசமாச்சு. சொட்டுத் தண்ணி வரல. அந்தத் தொட்டிக்கு ஆபரேட்டரு இருளப்பன்.

ஊராட்சித் தலைவரு அவனக் கூப்பிட்டாரு. "பெரிய அதிகாரி வாராரு, மக்கள் பங்கேற்பப் பாக்கணுமாம். கிராமசபைக்கு ஊரே வரணும். வரலேன்னா உனக்கு வேலை கெடையாது."

ஊருப் பொது எடமான மந்தையிலதான் கிராமசபை நடக்கும், காக்காகூட எட்டிப் பாக்காது. இருளப்பன் தெருத்தெருவாப் போயி, "மந்தைக் குழாயத் திறக்கப்போறாங்க, குடத்தோட வாங்க"ன்னான். ஊரே திரண்டுருச்சு.

அதிகாரிக்குப் பூரிப்பு தாங்கல. "இவ்வளவு கூட்டமா! குடம் எதுக்கும்மா?"

"தண்ணி பிடிக்கத்தான் சாமி"ன்னா முன்வரிசையில நின்ன பேச்சி.

மைக்கு முன்னாடி நிக்கிறதயே மறந்துட்டுத் தலைவரு கத்துனாரு: "டேய் இருளப்பா! ஒருநாளும் தண்ணி வராத குழாய்க்கு எதுக்குடா குடத்தோட கூட்டியாந்த?"

இருளப்பன் கையக் கட்டிக்கிட்டான். "ஊரக் கூட்டச் சொன்னீக, கூட்டிட்டேன் தலைவரே. தண்ணி வரலன்னு நாங்க சொன்னப்பல்லாம் பொய்யின்னீக. இப்ப நீங்களே சொல்லிட்டீக. அதையே தீர்மானமா எழுதச் சொல்லுங்க."

அதிகாரி எந்திரிச்சுப் போயி குழாயத் திருகுனாரு, தலைவரும் பின்னாலயே ஓடுனாரு. காத்துதான் வந்துச்சு. அன்னைக்குக் குழாயடியில விழுந்த ஈரம் தலைவரு நெத்தி வேர்வை மட்டுந்தான்.

தீர்மானத்த எழுதி முடிச்சாங்க. பொம்பளைக அதே காலிக்குடத்தத் தூக்கிக்கிட்டு, எப்பவும்போல அடுத்த ஊருக் கெணத்துக்கு நடந்தாக.