பின்பக்கம் திரும்பிய அம்பாரி

இன்றைக்குப் பெரிய மனிதர்களைப் போல மீசை முறுக்கிக்கொண்டு நிற்கிற நாடுகளெல்லாம் தவழ்ந்து விளையாடிய முன்னொரு காலத்தில், உதயசேனர் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜா. கோபம் வந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் ஆறிவிடும். ஆனால் அவருக்கு ஒரு பித்து இருந்தது. யாராவது 'வருங்காலம்' என்று வாயெடுத்தால் போதும், வாயிலிருக்கும் வெற்றிலையை மெல்லக்கூட மறந்து உட்கார்ந்துவிடுவார்.

இந்தப் பித்து துறைமுகத்தோடு வந்தது. அதுவரை மீன்பிடிப் படகுகள் மட்டும் கிடந்த கரையில் புதிதாக ஒரு துறை கட்டினார்கள். கப்பல்கள் வந்தன. கப்பலில் வந்த அயல்நாட்டு வணிகர்கள் கடைத்தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது உதிக்கின்ற நாடு. இன்னும் பத்து ஆண்டில் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தங்கள் சரக்கு விலைபோகிற எல்லா ஊரிலும் வணிகர்கள் சொல்லுகிற பேச்சுத்தான். நம் ராஜா அதை நெஞ்சில் பச்சை குத்திக்கொண்டார்.

அன்று முதல் சபையில் இன்றைய பேச்சு என்பதே கிடையாது. கால்வாய் உடைந்துவிட்டது என்று ஊரார் முறையிட வந்தால், "அது இன்றைக்கு. பத்து ஆண்டு கழித்து எப்படி இருக்கும்?" என்று கேட்பார். பதில் சொல்ல அமைச்சர்கள் முந்திக்கொண்டு எழுவார்கள். ஒருவர் தெருவெல்லாம் கல் பாவியிருக்கும் என்பார். அடுத்தவர் கல்லா, பளிங்கு என்பார். இவர்களில் கருவூல அமைச்சர் தனஞ்செயராயரை மிஞ்ச ஆள் இல்லை. அவர் கூரையைப் பார்த்துக் கண்ணை மூடி விரலை மடக்கினால் நாட்டில் நெல் இரட்டிக்கும், மாடுகள் இரட்டைக் கன்று போடும்.

சபையின் ஓரத்தில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றவன் விகடகவி மாசிலான். ராஜாவும் அவனும் சிறுவயதில் ஒரே வாத்தியாரிடம் காது திருகு வாங்கியவர்கள். நாடு சின்னதாக இருந்த காலம் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்போது சபாமண்டபத்துக் கூரை மழைக்கு ஒழுகும். ஒழுகுகிற இடத்தில் ஒரு வெண்கல அண்டாவை வைத்துவிட்டு வழக்கு விசாரிப்பார்கள். அந்தச் சொட்டுச் சத்தத்துக்கு நடுவே மாசிலான் எதையாவது சொல்ல, ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பிராது கொடுக்க வந்தவர்களும் சிரித்துவிட்டு, தங்களுக்குள் சமாதானமாகி வீட்டுக்குப் போய்விடுவார்கள். இப்போது கூரைக்குச் செப்புத்தகடு வேய்ந்தாகிவிட்டது. அண்டா எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது.

ஒருநாள் தனஞ்செயராயர் எழுந்து கைகூப்பினார்.

"வேந்தே, வரும் ஆண்டுகளில் நமது விளைச்சல் இருமடங்காகப் போவது உறுதி. ஆகவே, வரப்போகும் அந்த விளைச்சலுக்குரிய வரியை இப்போதே தண்டிவிடுவது உசிதம். களஞ்சியம் நிரம்பி வழிவதை அயல்நாட்டு வணிகர்கள் காண்பார்கள். நம் நாட்டின் மேல் அவர்களுடைய நம்பிக்கையும் இருமடங்காகும்."

ராஜாவுக்கு முகம் மலர்ந்தது. மாசிலான் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். அறுவடை முடிந்து, பழைய வரியும் கட்டி முடித்த வீடுகளில் இனி மிச்சம் இருப்பது விதைநெல் ஒன்றுதான். வரப்போகும் வரியையும் இப்போதே கேட்டால் அதைத்தான் அள்ளிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அடுத்த போகத்துக்கு வயலில் எதைத் தெளிப்பது?

"ராயர் அவர்களே, ஒரு சந்தேகம்" என்றான். "தங்கள் திருமகனுக்கு அடுத்த ஆண்டு திருமணம் என்று கேள்வி. பிறக்கப்போகும் பேரனுக்கு இப்போதே மொட்டையடித்துவிட்டீர்களா?"

சபையில் நாலைந்து பேர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராயர் முகம் கறுத்தது. நெடுநாளாக அவர் காத்திருந்த சந்தர்ப்பம் இது.

"மன்னா, நாட்டின் வருங்காலத்தை நம்பாதவன் நாட்டில் எதற்கு? எங்களைவிட இவனுக்கு அதிகம் தெரியுமென்றால், வரப்போவதை இவனே காட்டட்டும். வாயால் சொல்வதில் இவன் கெட்டிக்காரன். ஆகவே சொல்லக் கூடாது. தாங்கள் கண்ணால் காணும்படி காட்ட வேண்டும்."

ராஜாவுக்கு அந்த யோசனையே இனித்தது. அரியணையில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மாசிலா, அறுவடைத் திருநாளன்று நான் யானைமேல் நகர்வலம் போவேன். பின்னால் வரப்போவதை அன்று நான் கண்ணாரக் காண வேண்டும். காட்டிவிட்டால் நீ கேட்பதைத் தருவேன். காட்டாவிட்டால், உடுத்திய துணியோடு நாட்டை விட்டுப் போய்விடு. வலம் முடிந்ததும் புதிய வரிக்கு முத்திரை இடுவேன்."

"பின்னால் வரப்போவதைத்தானே, மன்னா? முன்னால் அல்லவே?"

"பின்னால் என்றால் பின்னால்தான்."

"சபையோர் அனைவரும் கேட்டுக்கொண்டீர்கள் அல்லவா?"

கேட்டுக்கொண்டார்கள். ராயர் எல்லோரையும்விட உரக்கத் தலையாட்டினார் என்று சொல்லலாம், அவ்வளவு வேகம்.

திருநாள் வந்தது. ராயர் சும்மா இருப்பாரா? வணிகர்களும் ராஜாவும் பார்த்து மயங்கும்படி ஊரை ஜோடித்திருந்தார். தெருவுக்குத் தெரு குலை தள்ளிய வாழைமரம், வாசலுக்கு வாசல் நெற்குவியல், கொழுத்த பசு, பட்டுப்பாவாடை கட்டிய பெண்குழந்தைகள். அரண்மனை வாசலில் பட்டத்து யானை நின்றது. முதுகில் அம்பாரி இருந்தது. ஆனால் அதன் முகப்பு யானையின் வாலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"யார் செய்த வேலை இது?" என்றார் ராஜா.

மாசிலான் யானையின் பக்கத்திலிருந்து வந்து வணங்கினான். "அடியேன்தான் பாகனிடம் மாற்றிக் கட்டச் சொன்னேன். மன்னா, பின்னால் வரப்போவதைக் காண வேண்டும் என்றீர்கள். பின்னால் வருவதைக் காணப் பின்பக்கம்தானே திரும்ப வேண்டும்?"

"அபசகுனம். ஊர் நகைக்கும்" என்று ராயர் குறுக்கே வந்தார். அவருடைய நெற்றியில் வேர்வை பூத்திருந்ததை ராஜா பார்த்துவிட்டார். அதற்காகவே ஏறி உட்கார்ந்தார் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியோ, சபையில் சொன்ன சொல்லை ராஜா மாற்ற முடியாது. மாசிலான் யானைக்குப் பக்கத்திலேயே நடந்தான்.

முதலில் ராஜாவுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. எத்தனையோ வருஷமாகத் தமக்குப் பின்னால் நடந்து வருகிறவர்களின் முகத்தை அவர் பார்த்ததே கிடையாது. கொட்டாவி விட வாயைத் திறந்த ராஜகுரு, அதை அப்படியே மந்திரமாக மாற்றி முணுமுணுத்தார். பாதி வழியில் நழுவிவிடுகிற பழக்கமுள்ள சேனாதிபதி அன்று நழுவ முடியாமல் தவித்தார். ராயரோ சிரித்த முகத்தை மாற்றப் பயந்து, தாடை வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டே நடந்தார்.

முதல் தெரு முடியும் இடத்தில் ராஜா கண்ணைச் சுருக்கினார். ஊர்வலத்தின் வால் தாண்டியதும் வாழைமரங்கள் படுத்துவிட்டன. நாலு பேர் அவற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சந்துக்குள் ஓடினார்கள். நெற்குவியலின் மேல்தோலை ஒருவன் பாயோடு சுருட்டினான். உள்ளே இருந்தது வைக்கோல். ஒரு கொம்பு மடங்கிய பசுவை ஒருவன் இழுத்துக்கொண்டு ஓடினான். அடுத்த தெருவைத் தாண்டிப் பார்த்தால் அங்கேயும் ஒரு கொம்பு மடங்கிய பசு, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டு நின்றது. பட்டுப்பாவாடைக் குழந்தைகளும் அதே குழந்தைகள். அவர்களில் ஒருத்தி களைத்துப்போய் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"மாசிலா, அந்தப் பசுவை நான் முன்பே பார்த்தேனே."

"ஆமாம் மன்னா. தங்களைவிட வேகமாக நகர்வலம் வருகிறது. அதற்கும் ஒரு அம்பாரி கட்டியிருக்கலாம்."

யானை அசைந்து அசைந்து நடந்தது. தெரு அவரை விட்டு விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தது. ராஜா வேறு குரலில் பேசினார்.

"அப்பா காலத்தில் நாம் மாட்டுவண்டியில் போவோமே, நினைவிருக்கிறதா? நீயும் நானும் வண்டியின் பின்னால் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்போம்."

"நினைவில்லாமலா? தங்கள் கால் தரையைத் தொடும், என் கால் தொடாது. அதற்கு நான் அழுவேன்."

"ஊர் முழுவதும் இப்படித்தான் தெரியும். அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டவர்கள், வண்டி தாண்டியதும் வேலைக்குத் திரும்புவார்கள். ஒருவர் மாவிடிப்பார், ஒருவர் பிள்ளையை அடிப்பார். சிலர் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். என்னுடைய ஜனங்களை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான், மாசிலா. பட்டம் கட்டிய பிறகு எல்லோரும் கும்பிட்ட கையோடுதான் எனக்குத் தெரிகிறார்கள்."

மாசிலான் யானையின் காலைத் தடவிக்கொண்டே நடந்தான்.

ஊர்வலம் ஊரின் கடைசித் தெருவான உழவர் தெருவுக்கு வந்தது. அங்கே ஜோடனை ஓடிவந்து சேரவில்லை. பசு பாதியில் படுத்துவிட்டதாம். யானை தாண்டியதும் கதவுகள் திறந்தன. வெள்ளச்சி என்ற பெண்பிள்ளை வெளியே வந்து, வைக்கோற்போரின் அடியில் கையை விட்டு, வைக்கோல் புரியால் பானைபோல இறுகக் கட்டிய ஒரு மூட்டையை இழுத்து வெயிலில் வைத்தாள். நிமிர்ந்தால் ராஜா அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ராஜாக்கள் பின்பக்கம் பார்ப்பார்கள் என்று அவளுக்கு யார் சொன்னது? மூட்டையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

ராஜா யானையை நிறுத்தச் சொன்னார். "அது என்ன, அம்மா?"

"கோட்டை, மகாராசா."

"கோட்டையா? கோட்டை என்னிடம் அல்லவா இருக்கிறது?"

"அது நீங்க இருக்குற கோட்டை. இது வெதக்கோட்டை. வெதநெல்லப் பூச்சி அரிக்காம இப்படிக் கட்டித்தான் வைப்போம். நாங்க இருக்குறது இத நம்பித்தான்."

"அதை ஏன் ஒளித்து வைக்கிறாய்?"

வெள்ளச்சி ராயரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டாள்.

"வெளையப்போற நெல்லுக்கு இப்பமே வரி கேக்காகளாம், ராசா. இதையும் அள்ளிட்டுப் போயிட்டா வயலு எப்படி வெளையும்? இத வெதச்சாத்தான பின்னால நெல்லு வரும்."

பின்னால என்ற அந்தச் சொல் ராஜாவின் காதில் விழுந்தது. அவர் மூட்டையைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். திறந்த ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் போரடியிலிருந்தும் பரணிலிருந்தும் கோட்டைகளை இறக்கியபடி, நடுவில் அகப்பட்டு, அசையாமல் நின்றார்கள்.

"மன்னா" என்றான் மாசிலான் மெதுவாக. "பின்னால் வரப்போவது கண்ணுக்குத் தெரிகிறதா?"

ராஜாவின் தோள்கள் முதலில் குலுங்கின. பிறகு வயிறு. பிறகு அம்பாரியே ஆடியது. பாகன் பயந்துபோய் யானையின் காதைப் பிடித்துக்கொண்டான். ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பாதி நீர் சிரிப்பினால் வந்ததல்ல என்பது மாசிலானுக்குத் தெரியும். அவனுக்கும் அப்படித்தான் இருந்தது.

"தெரிகிறது. வைக்கோலால் கட்டி வைத்திருக்கிறார்கள்" என்றார் ராஜா. "அம்மா, உன் கோட்டையை ஒருவரும் தொடமாட்டார்கள். புதிய வரி கிடையாது. மாசிலா, நீ கேள்."

"உடைந்த கால்வாயைக் கட்டிக்கொடுங்கள், மன்னா. விதை இருக்கிறது, தண்ணீர் வேண்டுமே."

"அது நாட்டுக்கு. உனக்கு?" என்று சொல்லித் தம் கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றிக் கீழே போட்டார். மாசிலான் மேல்துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டான். மறுபேச்சுப் பேச அவன் என்ன பைத்தியமா?

பிறகு ராஜா தனஞ்செயராயரைப் பக்கத்தில் அழைத்தார். ராயர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், தாடை பிடித்துக்கொண்டுவிட்டது.

"ராயரே, விளைச்சல் இருமடங்காகும் என்று சொன்னீர். உம்முடைய வாக்கை நான் சந்தேகிக்கவில்லை. ஆகவே இன்று முதல் உமது ஊதியம் இன்றைய களஞ்சியத்திலிருந்து வராது. இந்த ஆண்டைவிட அடுத்த ஆண்டு எவ்வளவு அதிகமாக விளைகிறதோ, அந்த அதிகத்திலிருந்து உமக்கு அளக்கச் சொல்கிறேன்."

அதன் பிறகு அந்த நாட்டில் கால்வாய்க் கரைக்கு முதல் கூடை மண் சுமந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ராயர்தான். பொழுது விடிந்தால் உழவர் தெருவில் நின்று, வானத்தையும் வெள்ளச்சியின் நாற்றங்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். வழியில் போகிற வணிகர்கள் யாராவது, "ராயரே, நாட்டின் வருங்காலம் எப்படி?" என்று கேட்டால் விரலை மடக்கமாட்டார். "இருங்கள், கேட்டுச் சொல்கிறேன்" என்பார். பிறகு வரப்பு ஓரமாகச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "அம்மா வெள்ளச்சி, முளை கண்டுவிட்டதா?" என்று கூப்பிடுவார்.