ஒவ்வாமை: இல்லை

அற்புதராஜ் பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருபது வருடம் உதவியாளராக இருந்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் கணினி கற்க வந்தவர். கற்றுக்கொடுத்த சபீனாவுக்கு முப்பத்தொன்று. வயதைப் பார்க்காமல் அவர் டீச்சர் என்று கூப்பிட, டீச்சர் அவரை அண்ணாச்சி என்றார்.

திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனைக்கு நோயாளிகளின் விவரங்களைப் பதியும் மென்பொருள் எழுதும் வேலை அவருக்கு வந்தது. முதல் வேலை. திங்கட்கிழமை மருத்துவமனையில் அதை ஓட்டத் தொடங்க வேண்டும். இது சொதப்பினால் இந்த வயதில் இன்னொன்றை நம்பித் தர ஆள் கிடையாது என்று அவருக்குத் தெரியும். சோறு தண்ணீர் பார்க்காமல் உட்கார்ந்து முடித்தார்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலேயே ஒத்திகை; கணினியில் உட்கார்ந்தவர் அங்கே நர்ஸாக இருக்கும் சிஸ்டர். டீச்சரே நோயாளியாக வந்து பெயரைப் பதிந்துகொண்டார். திரையில் பெயர், வயது, அதன் கீழே ‘ஒவ்வாமை: இல்லை’ என்று பச்சை எழுத்தில் வந்தது. அற்புதராஜுக்குப் பெருமை தாங்கவில்லை.

“சிஸ்டர், இதைப் பாத்துட்டு எனக்குப் பென்சிலின் போடுவீங்களா?” என்று டீச்சர் கேட்டார்.

“டாக்டர் எழுதுனா போடுவேன். அதான் அலர்ஜி இல்லைன்னு இருக்கே.”

“அப்ப போடுங்க.” டீச்சர் கையை நீட்டினார்.

சிஸ்டர் ஊசியை எடுத்ததுதான் தாமதம், அற்புதராஜ் பாய்ந்து குறுக்கே விழுந்தார். போன வருடம் அதே மருந்தால் டீச்சருக்கு முகமெல்லாம் வீங்கி மூச்சுத் திணறியபோது, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடியவர் அவர்தான்.

“டீச்சர், உங்களுக்கு அது ஆகாதுல்லா?”

“இல்லைன்னு நீங்கதான அண்ணாச்சி எழுதியிருக்கீங்க.”

“நான் எங்க எழுதுனேன்? அலர்ஜி விவரத்தச் சேத்து வைக்கிற டேபிள்ல உங்க பேருக்கு ஒண்ணுமே பதியல. ஒண்ணும் பதியலன்னா ‘இல்லை’ன்னு காட்டும்.”

“என்கிட்ட யாரு கேட்டா?”

மருந்து ஏற்றாத வெறும் ஊசிதான் என்று சிஸ்டர் சிரித்தபடி கீழே வைத்தார்.

விடுவாரா மனுஷர். சனிக்கிழமை காலையிலேயே, ஒவ்வாமைக் கட்டத்தை நிரப்பாமல் மேற்கொண்டு போக முடியாதபடி பூட்டிவிட்டார். சாயங்காலம் போய்ப் பார்த்தால், சிஸ்டர் பழைய சீட்டுகளிலிருந்து நூறு பேரை ஏற்றியிருந்தார். அதில் அறுபது பேருக்கு ஒவ்வாமைக் கட்டத்தில் ஒரு புள்ளி.

“என்ன சிஸ்டர் இது?”

“பழைய சீட்டுல அந்த விவரமே கெடையாது. நிரப்பாம உங்க பொட்டி விட மாட்டேங்குது. நான் என்னத்த எழுத?”

அற்புதராஜுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நேரே டீச்சரிடம் போனார்.

“கண்டதையும் அடிச்சு வைக்காங்க டீச்சர்.”

“தெரியலன்னு சொல்ல அவங்களுக்கு எடம் குடுத்தீங்களா?”

ஞாயிறு முழுக்க நாற்காலியை விட்டு எழவில்லை. புள்ளி, கோடு எதையும் இனிக் கட்டம் ஏற்காது. உண்டு, இல்லை, இன்னும் கேட்கவில்லை, இந்த மூன்றில் ஒன்றுதான். உண்டு என்றால் மருந்தின் பெயரும் வேண்டும். எதுவுமே பதியாத ஆளுக்கு மூன்றாவது தானாக வரும், சிவப்பில். பழைய புள்ளிகளையும் ‘இன்னும் கேட்கவில்லை’ என்றே மாற்றினார்.

முடித்துத் திறந்தால் திரையில் பாதிக்கு மேல் சிவப்பு. உடனே டீச்சருக்குப் போன் போட்டார்.

“டீச்சர், நாளைக்கு டாக்டர் தொறந்தா எங்க பாத்தாலும் ‘இன்னும் கேட்கவில்லை’ன்னு வரும். இவன் வேலைய அரைகுறையா விட்டுட்டான்னு நெனைக்க மாட்டாரா?”

“நெனைக்கட்டும் அண்ணாச்சி. நெனைச்சுட்டு, எதிர்ல உக்காந்திருக்கவங்களக் கேப்பாரு.”