பாயசம் வராத இலை

முன்னொரு காலத்தில் குன்றையூர்ச் சீமையைக் கோதண்டவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை, ஆனால் காலையில் போட்ட உத்தரவை மாலையில் மறந்துவிடுகிற ஆள். சிரிக்க வைத்தால் கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக் கொடுப்பான். அவனுடைய மந்திரி அம்பலவாணர். வாய் என்றால் வாய், அப்படியொரு வாய்! அந்த வாய் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

நல்ல மழை பெய்த ஒரு வருஷம், ராஜா நாட்டைச் சுற்றிப் பார்க்கப் போனான். தாழங்கண்மாய்க் கரையில், மருத மரத்தடியில் ஒருவன் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யார் இவன்?"

"நீர்க்கட்டி குருந்தன், மகாராஜா. கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிறவன். அறுவடையில் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் இவனுக்கு உண்டு" என்றார்கள் ஊர்க்காரர்கள்.

"தண்ணீர் தானாகத்தானே ஓடுகிறது? இவனுக்கு என்ன வேலை?"

அம்பலவாணரின் நாக்கு சும்மா இருக்குமா? ராஜாவின் காதோரம் குனிந்தார். "பெரிய வேலை, மகாராஜா! தண்ணீர் பள்ளத்துக்குத்தான் போகிறதா என்று பார்க்க வேண்டும். தப்பித்தவறி மேட்டுக்கு ஏறிவிட்டால் ஓடிவந்து நமக்குச் சொல்ல வேண்டும்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்த சிரிப்பில் முத்துமாலை மந்திரியின் கழுத்துக்கு வந்தது. சீமை முழுக்க நீர்க்கட்டி வேலையே கிடையாது என்ற உத்தரவும் வந்தது. அம்பலவாணர் அதைத் தடுத்திருக்கலாம். மாலை அழகாக இருந்தது, பேசாமல் இருந்துவிட்டார்.

ஒன்பது வருஷம் மழை குறையவில்லை, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பத்தாம் வருஷம் பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. அதற்கும் அடுத்த வருஷம் தாழங்கண்மாயின் கடைமடைக்காரர்கள், அதாவது தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் வயல்காரர்கள், அரண்மனை வாசலில் வந்து நின்றார்கள்.

"வயலு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு சாமி" என்றாள் வீராயி என்பவள். "அறுபது வீட்டுல பாதி வீடு பூட்டிக் கெடக்கு."

அரண்மனைக் களஞ்சியமான உக்கிராணத்தின் அதிகாரி பூவராகருக்கு மந்திரி மேல் நெடுநாள் பொறாமை. ஏழைகளுக்கு இரங்குகிறவர் மந்திரி என்பதால், ஏழைகளையும் அவருக்குப் பிடிக்காது. "மகாராஜா, அதே கண்மாய், அதே மழை. தலைமடைக்காரன் வயல் பச்சையாக இருக்கிறது, இவர்களுடையது காய்கிறது. சோம்பேறித்தனம், வேறென்ன? இவர்கள் நிலத்தைப் பிடுங்கித் தலைமடைக்காரர்களுக்கே கொடுத்துவிடுங்கள்" என்றார்.

"சபாஷ்! அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

அம்பலவாணர் முன்னால் வந்தார். "மகாராஜா, ஒரே ஒரு வேளை என் சொல்படி சாப்பிடுங்கள். அதற்குள் உண்மை விளங்காவிட்டால் என் பதவியையும் பூவராகருக்கே கொடுத்துவிடுங்கள்."

"பந்தயமா? பலே!"

மறுநாள் மத்தியானம் நூறு இலை போட்டு விருந்து. முதல் இலையில் பூவராகர், கடைசி இலையில் ராஜா. பரிமாற ஆள் கிடையாது. பாயச அண்டா மட்டும் கைமாறி வரிசையாக வந்தது. பின்னால் வருமோ வராதோ என்று பூவராகர் மூன்று கரண்டி ஊற்றிக்கொண்டார். அவரைப் பார்த்து அடுத்தவர் மூன்று. யாரும் திருடவில்லை, பாவம், எல்லாருக்கும் பயம். ராஜாவிடம் வந்தபோது அண்டாவில் ஒரு முந்திரி கூட இல்லை.

"என் பாயசம் எங்கே?" என்று குதித்தான் ராஜா.

அம்பலவாணர் கைகட்டி நின்றார். "அதே அண்டா, அதே பந்தி. பூவராகர் இலை நனைந்திருக்கிறது, தங்கள் இலை காய்ந்திருக்கிறது. சோம்பேறித்தனம், வேறென்ன? தங்கள் இலையையும் பூவராகருக்கே கொடுத்துவிடலாமா?"

பூவராகர் குனிந்த தலை நிமிரவில்லை. ராஜா முகம் சிவந்து, பிறகு மெல்லச் சிரித்தான். "புரிந்தது. தண்ணீரைப் பரிமாறுகிறவனை நிறுத்திய மடப்பயல் யார்?"

"நான்தான், மகாராஜா. தண்ணீர் மேட்டுக்கு ஏறினால் வந்து சொல்வான் என்றேனே, அன்றைக்கு."

ராஜாவுக்கு அது நினைவே இல்லை. கடைமடைக்காரர்களின் நிலம் தப்பியது. பூவராகரின் இலையை எடுத்துவிட்டு, அவரையே பரிமாறச் சொன்னான். மந்திரிக்கு இன்னொரு மாலையை நீட்டினான். "வேண்டாம். குருந்தனின் மரக்காலைத் திருப்பிக் கொடுங்கள்" என்றார் அம்பலவாணர்.

குருந்தனை மாதக்கணக்கில் ஊரூராகத் தேடினார்கள். எங்கே இருந்தான் தெரியுமா? அரண்மனையின் வசந்த மண்டபத்துக்குக் கல் சுமந்துகொண்டிருந்தான். மூன்று வருஷமாக மந்திரியின் பல்லக்கு தினமும் அவனைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

கண்மாய்க்குள் நீர் அளவு காட்டும் படிக்கல்லைப் பார்த்தான் குருந்தன். "ஏழு படி வெளிய தெரியுது. இந்த வருஷம் நெல்லு வேணாம், கேப்பை போடுங்க. மடைக்குப் பக்கத்து நெலத்த மட்டும் தலைமடை, கடைமடைன்னு பாக்காம எல்லாரும் பங்கு வச்சு உழுங்க" என்றான். ஊர் கட்டுப்பட்டது. பஞ்ச காலத்துக்கென்றே இருந்த வேலை அது. செழிப்பான காலத்தில் பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

ஆனால் பங்கு வைக்கக் கடைமடை வீடுகளை எண்ணினால், அறுபதில் பதினொன்றுதான் மிச்சம். வீராயி வீடும் பூட்டிக் கிடந்தது. எந்தத் திசைக்குப் போனாள் என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

கரையில் நின்ற அம்பலவாணர், "என்னை மன்னித்துவிடு, குருந்தா" என்றார்.

குருந்தன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான். "அது கெடக்கட்டும் சாமி. என்னப் பத்தி அன்னைக்கு ராசா காதுல ஏதோ சொன்னீக, அவரு அப்படிச் சிரிச்சாரு. எனக்கு மட்டும் யாரும் சொல்லல. ஒரு தடவ சொல்லுங்க, நானும் சிரிச்சுக்கிறேன்."

அம்பலவாணர் வாயைத் திறந்தார். பூட்டிக் கிடந்த வீடுகளைப் பார்த்தார். ராஜாவையே சிரிக்க வைத்த அந்த வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. குருந்தன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு மடையைத் திறக்கப் போய்விட்டான்.