எட்டாக்கனி யாருக்கு?

"அம்மா, ஞானம் எனக்கு எட்டாக்கனிதானா?"

பாயருகே உட்கார்ந்து திருமேனி கேட்டார்.

குரு வேலம்மை காய்ச்சலில் படுத்திருந்தார். வயதில் திருமேனியைவிட இளையவர். பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் இறங்காவிட்டால் கஷ்டம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆசிரமத்தில் மற்றவர்கள் மருந்துக்காக டவுனுக்குப் போயிருந்தார்கள். துணைக்குத் திருமேனி மட்டும் இருந்தார்.

அவருக்குப் பயம். குரு போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

"அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" வேலம்மை முனகினார்.

திருமேனி முன்பு தமிழாசிரியர். பதில் தயாராக இருந்தது.

"கண்ணுக்குத் தெரியும், ஆசை காட்டும், கைக்கு மட்டும் வராது. கிடைக்காத எதையும் அப்படிச் சொல்லலாம்மா. 'சொந்த வீடு அவனுக்கு எட்டாக்கனி'ம்பாங்க."

"இங்க யாருக்கு எட்டல?"

"எனக்குத்தாம்மா. வேற யாருக்கு?"

வேலம்மை வலது கையை மெல்ல நீட்டினார். விரல்கள் காற்றில் விரிந்து நடுங்கின. கை பாயில் விழுந்தது.

மறுபடியும் நீட்டினார்.

திருமேனி நிமிர்ந்து உட்கார்ந்தார். இது உபதேசம்.

"கை நீளுதே, அதுதான் ஆசைன்னு சொல்றீங்களா?"

வேலம்மை தலையை அசைத்தார். இல்லை.

"விரலை விரிச்சீங்க. எதையும் பிடிச்சுக்காதேன்னு அர்த்தமா?"

கை மீண்டும் விழுந்தது. உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

"கொஞ்சம் பொறுங்கம்மா. புரிஞ்சிடும் போல இருக்கு."

"தண்ணி," என்றார் வேலம்மை.

சொம்பு திருமேனியின் முழங்காலை ஒட்டி இருந்தது.

அவர் பதறி எடுத்தார். குருவின் தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டினார். அவசரத்தில் பாதி கழுத்தில் வழிந்தது. இன்னும் வேண்டும் என்று வேலம்மை கண்ணால் கேட்டார். கொடுத்தார். துணியை நனைத்து நெற்றியில் போட்டார். காய்ந்ததும் மறுபடி நனைத்தார். ஒவ்வொரு மூச்சும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

மருந்து வந்தது. பொழுது சாயும் நேரத்தில் வேலம்மைக்கு வியர்த்தது. காய்ச்சல் இறங்கியது.

திருமேனி அடுப்படிக்குப் போய் நொய்க்கஞ்சி வைத்துக்கொண்டு வந்தார்.

வேலம்மை கண்ணைத் திறந்தார். "ஏதோ கேட்டீங்களே திருமேனி. இப்ப சொல்லட்டுமா?"

திருமேனி கஞ்சியை ஊதினார்.

"அது கிடக்கட்டும்மா. வாயத் திறங்க."