காகிதக் கருவிகள்

"ஏனுங்க கேப்டன், இன்னும் எத்தனை நாளைக்கு ஒரு படத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கறது?"

கேட்டவர் குழந்தைசாமி. திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருப்பவர். நடுவயதில் விமானம் ஓட்டக் கற்று, தெளிந்த வானத்தில் தனியாகப் பறக்க உரிமமும் வாங்கிவிட்டார். இனி மேகத்துக்குள் பறக்கப் பழக வேண்டும். வெளியே எதுவும் தெரியாத இடத்தில், கருவிகளை மட்டும் பார்த்து.

பயிற்சியாளர் நிலோபர் அவரைவிட வயதில் மிகவும் இளையவர். விமானத்தின் கருவிப் பலகையை அதே அளவில் அச்சிட்டுக் கொடுத்து, முதலில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

"சுவத்துல ஒட்டுங்க. எதிரே நாற்காலி போட்டு உட்காருங்க. கண்ணு ஒவ்வொரு கருவியாப் போய்ப் போய் வரணும்."

அதைத்தான் குழந்தைசாமியால் பொறுக்க முடியவில்லை.

"படத்துல முள்ளு அசையாதுங்களே?"

"உங்க கண்ணு அசையுதா?"



நிலோபர் தன் சுழல் நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க சார். கண்ணை மூடிக்குங்க."

நாற்காலி வலப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. ஒரே சீராக, வெகுநேரம்.

"இப்ப எந்தப் பக்கம் சுத்துறீங்க?"

"இடது பக்கமுங்க. நல்ல வேகமா."

"கண்ணைத் திறங்க."

நாற்காலி அசையாமல் நின்றிருந்தது. நிலோபர் தள்ளி, ஜன்னலோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

குழந்தைசாமி கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இது நாற்காலி. கீழே விழாது," என்றார் நிலோபர். "வீட்டுக்குப் போய் அந்தப் படத்தைப் பாருங்க சார்."

போனார்.

மனைவி பூங்கொடிக்கு மேகம் என்றாலே பயம். நடந்ததைக் கேட்டதும், தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உயரம்," என்பாள். அவர் கண் அங்கே போகும்.

"திசை." போகும்.

"வேகம்."

நடுவில் சட்டென்று, "ஏனுங்க, பட்டறையில ஏதோ சத்தம்!" என்பாள். அவர் திரும்பினால், "போச்சு, விழுந்துட்டீங்க," என்று சிரிப்பாள்.

நாளாக ஆக, அவர் திரும்புவது நின்றது. பிறகு அவள் சிரிப்பதும் நின்றது.

"இனிப் போய்ட்டு வாங்க," என்றாள்.

நிலோபர் அவரை மேகத்துக்குள் அழைத்துப் போனார்.

மேலே வெள்ளை. கீழே வெள்ளை.

சற்று நேரத்தில் உடம்பு சொன்னது: இடப்பக்கம் சாய்கிறாய். காது சொன்னது. வயிறு சொன்னது. நிமிர்த்தச் சொல்லிக் கை துடித்தது.

கண் கருவிகளுக்குப் போனது. உயரம் குறையவில்லை. திசை மாறவில்லை. இறக்கைகள் சமமாக இருந்தன.

சாய்கிறாய், சாய்கிறாய் என்று உடம்பு கத்தியது. கண் இன்னொரு சுற்றுப் போய்வந்தது. அதே உயரம். அதே திசை.

கையை அப்படியே வைத்துக்கொண்டார். சட்டை வியர்வையில் நனைந்தது.

திடீரென்று வெயில் முகத்தில் அடித்தது. மேகம் பின்னால் போயிருந்தது. எதிரே தொடுவானம் கோடு போட்டதுபோல் நேராகக் கிடந்தது.

அப்போதுதான் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். நிலோபரின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

தரையிறங்கி, எஞ்சினை நிறுத்திய பிறகும் குழந்தைசாமி எழவில்லை. கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நன்றிங்க கேப்டன்."

"நான் ஒண்ணுமே பண்ணலையே சார்."

"ஆமாங்க," என்றார் குழந்தைசாமி. "அதுக்குத்தான்."