அஞ்சு பேர் மட்டும்

பேராசிரியர் அறவாழி தம் கல்லூரியில் ஒரு பயிற்சி நடத்திவந்தார். ஊரின் குறைகளை எப்படிக் கண்டறிவது, மக்களை எப்படித் திரட்டுவது, அதிகாரிகளிடம் எப்படிப் பேசிக் கேட்டுப் பெறுவது என்பதெல்லாம் அதில் பாடம். மாணவர்கள் நன்றாகவே கற்றார்கள். எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

கல்லூரிக்குப் பின்னால் கிட்டங்கித் தெரு. அங்கே குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் கிடந்தது. வீட்டுக்கு வீடு மஞ்சள்காமாலை. முத்துப்பேச்சியின் மூத்த மகன் அதில்தான் போனான். இளையவள் அரசு மருத்துவமனையில் கிடந்தாள்.

அறவாழி மாணவர்களையும் தெருக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். வாசலில் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"அஞ்சு பேர் மட்டும் உள்ள போங்க."

அறவாழியும், நன்றாகப் பேசக்கூடிய நான்கு மாணவர்களும் போனார்கள். ஆணையர் எழுந்து நின்று வரவேற்றார். ரோஷிணி என்ற மாணவி பேசியதைக் கேட்டு, "நீ கலெக்டர் பரீட்சை எழுதும்மா" என்றார். டீ வந்தது. குழாயை உடனே மாற்றுவதாக வாக்குக் கொடுத்தார். எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது.

குழாய் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தத் தெரு வழியே போன அறவாழியை முத்துப்பேச்சி மறித்தாள்.

"அன்னைக்கு உள்ள போனீங்களே சார், அவரு என்னதான் சொன்னாரு?"

"செய்றேன்னு சொன்னாரும்மா."

"எங்ககிட்டயும் அதைத்தான சொல்லுவாரு. அதுக்கு நீங்க எதுக்கு சார்?"

அறவாழியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேரே வேலாண்டியின் வீட்டுக்குப் போனார்.

வேலாண்டி மில் தொழிலாளியாக இருந்து, வேலைநிறுத்தத்தில் வேலையைப் பறிகொடுத்தவர். துண்டறிக்கைகளை எழுத்துக்கூட்டித்தான் படிக்கவே கற்றுக்கொண்டார். அந்த நகராட்சி அலுவலகத்தில் போலீசிடம் மூன்று முறை அடிபட்டவர். அதை ஊர் மறந்தாலும் அவர் மறக்கவிட மாட்டார். ஊரில் போராடத் தெரிந்த கடைசி ஆள் தாமே என்பது அவர் எண்ணம். அதை மறுத்துச் சொல்ல ஊரில் ஆளும் இல்லை.

"என் மாணவர்களுக்கு நான் எதைச் சொல்லிக்கொடுக்காம விட்டேன் தோழரே?"

வேலாண்டி சுவரொட்டி ஒட்டும் பசைவாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"உள்ள எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"அரை மணி நேரம் இருக்கும்."

"ஏன் வெளியே வந்தீங்க?"

அறவாழிக்குக் கேள்வி விளங்கவில்லை. "பேச வேண்டியதைப் பேசியாச்சு. அவருக்கும் வேற கூட்டம் இருந்தது. நாலரைக்குக் காலேஜ் பஸ் வேற நின்னுக்கிட்டிருந்தது."

"அப்படியா" என்றார் வேலாண்டி. வாளியைக் கவிழ்த்து வைத்தார். "திங்கக்கிழமை மறுபடியும் போவோம். நானும் வர்றேன். பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க வாத்தியாரே. மைக்கு, அட்டை ஒண்ணும் வேண்டாம்."

"கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே?"

"திங்கக்கிழமை."

திங்கட்கிழமை வாசலில் அதே இன்ஸ்பெக்டர்.

"என்ன பெருசு, நீ இன்னும் இருக்கியா?"

"நீங்க ரிட்டயர் ஆகாம நான் எப்படி சார் போறது?"

"அஞ்சு பேர் மட்டும்."

வேலாண்டி ஐவரைக் கை காட்டினார். முத்துப்பேச்சி. காது மந்தமான ஒரு பெரியவர். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. கிட்டங்கியில் மூட்டை தூக்கும் இருவர். மாணவர்களில் ஒருவர்கூட இல்லை.

ரோஷிணிக்குப் பொறுக்கவில்லை. "தாத்தா, அந்த அக்காவுக்கு ஆபீசர் முன்னால பேச வராது."

"தோழர்னு சொல்லு. ஆமா, வராது."

"சட்டமும் தெரியாது."

"தெரியாது."

"அப்புறம் எப்படி?"

"பேச வேண்டியதை எல்லாம் நீதான் போன தடவையே பேசிட்டியேம்மா. நல்லாவே பேசினியாம்."

பிறகு ஐவரிடமும் திரும்பினார். "அவரு என்ன சொன்னாலும் சரிங்கய்யான்னு சொல்லுங்க. தெருவுக்குள்ள குழாய் வந்து இறங்கிருச்சுன்னு தாக்கல் வர்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க. அவ்வளவுதான்."

"எந்திரிச்சு எங்க போகப் போறோம்?" என்றாள் முத்துப்பேச்சி. "வீட்டுக்குப் போனாலும் அதே தண்ணிதான." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

மாணவர்கள் வாசலுக்கு எதிரே சரளைக்கல்லில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது.

"நாங்க என்ன செய்யணும்?"

"உட்காரணும்."

"கோஷம் போடலாமா?"

"வேண்டாம். வாசலைப் பார்த்துக்கிட்டு உட்காருங்க."

மதியத்துக்கு மேல் பியூன் வெளியே வந்தார்.

"ஐயா செய்றேன்னு சொல்லிட்டாரு. அவங்களைக் கூட்டிட்டுப் போங்க."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"சரிங்கய்யாங்கிறாங்க. ஆனா எந்திரிக்க மாட்டேங்கிறாங்க."

"டீ கொடுத்தீங்களா?"

"கொடுத்தோம். குடிச்சிட்டாங்க. அப்பவும் எந்திரிக்கல."

மாணவர்கள் சிரித்தார்கள். வேலாண்டி சிரிக்கவில்லை. அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டருக்கு உள்ளிருந்து அழைப்பு வந்தது. இரண்டு போலீஸ்காரர்களைக் கூட்டிக்கொண்டு படியேறினார். கையில் தடி. வாசற்படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சரளைக்கல்லில் உட்கார்ந்திருந்த அத்தனை பிள்ளைகளும் அவரைத்தான் பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை. யாரும் எழுந்திருக்கவுமில்லை.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியிறங்கி வந்து பழைய இடத்திலேயே நின்றுகொண்டார்.

ஆணையரின் கார் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார்.

நாலரை ஆனது. சாலையில் கல்லூரிப் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. மாணவர்கள் அறவாழியைப் பார்த்தார்கள்.

அறவாழி வேலாண்டியின் பக்கம் குனிந்தார்.

"இதுதானா தோழரே? இவ்வளவு படிச்ச பிள்ளைகளுக்கு வெளியே உட்கார்றதுதான் வேலையா?"

வேலாண்டி மடங்காத தம் வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, வேறு பக்கமாக நீட்டி வைத்தார்.

"நானும் மூணு தடவை உள்ளதான் உட்கார்ந்திருந்தேன் வாத்தியாரே. வெளியே யாரும் இல்லை."

பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது.

அறவாழி எழுந்தார். சாலைக்குப் போய், டிரைவரிடம் கையை அசைத்தார். பஸ் காலியாகத் திரும்பிப் போனது.