மைலேஜுக்கு அடைத்த துளை

ஒரு ஊரில் ஒரு குரு இருந்தார் என்று ஆரம்பித்தால் நீங்கள் தாடியைத் தேடுவீர்கள். இந்தக் குரு பெண்; பெயர் சுகந்தாமணி. வயது நாற்பது. பொள்ளாச்சியில் பழைய கார்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர். சீடர் நாச்சிமுத்துவுக்கோ அறுபத்து மூன்று. நூல் மில்லில் தரம் பார்த்தே ஓய்வு பெற்றவர், கடவுளே வந்து சொன்னாலும் ஒரு தரம் சரிபார்ப்பார்.

அவர் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். பிள்ளைகள் இல்லை. வீட்டில் மனுஷக் குரல் என்றால் டிவியில் வருவதுதான். இருந்த ஒரே துணை பழைய கார் ஒன்று. அதற்கு ரேஸ் வண்டியின் கார்புரேட்டரை வாங்கி மாட்டியிருந்தார். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இஞ்சினுக்கு ஊட்டுகிற அந்தச் சாமானைப் பழக்கத் தெரியாமல்தான் சுகந்தாமணியிடம் வந்து சேர்ந்தார். வந்து நாலு மாதம் ஆகிறது.

அன்று காலை எட்டரைக்கு, சலவை வேட்டி சட்டையோடு வந்து இறங்கினார்.

"மேஸ்திரி, மறுபடியும் மலை ரோட்டு ஒன்பதாவது வளைவுல வண்டி அடங்கிருச்சுங்க."

"வால்பாறைக்கா போனீங்க?"

"ஆமாங்க. நிக்கறப்ப நல்லாத்தான் ஓடுது. ஒரே வேகத்துல போனாலும் நல்லாப் போகுது. வளைவுல திரும்பி ஆக்ஸிலேட்டர மிதிச்சா ஒரு தும்மல் தும்மிட்டு நின்னுக்குது. திருப்பிக்கிட்டு வந்துட்டேன்."

"இதோட எத்தனை தடவைங்கண்ணா?"

"நாலு."

"பஸ் போகுதுங்களே."



"பஸ்ல ஏறுனா, போய்த்தானுங்க ஆகணும்."

சுகந்தாமணி காரின் பின் சீட்டைப் பார்த்தார். ஒரு மாலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தன.

"யாருக்குங்க?"

"எந்தம்பி சம்சாரத்துக்கு. இன்னைக்கு வருஷத் திதி."

தம்பி வெள்ளியங்கிரி வால்பாறையில் தையல் கடை வைத்திருக்கிறார். போன வருஷம் அவர் மனைவி இறந்த செய்தி நாச்சிமுத்துவுக்கு முடிவெட்டும் கடையில் தெரிந்தது. பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்கு வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று முழுக்க உட்கார்ந்திருந்தார். போன் வரவில்லை. நல்லதுக்குச் சொன்னால் போ, கெட்டதுக்குச் சொல்லாமலே போ என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். இருந்தாலும், தம்பி ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று இருந்துவிட்டார். அப்புறம் அவராகக் கூப்பிடக் கூச்சம். கூச்சம் முற்றி ஒரு வருஷம் ஆகிவிட்டது. மலைமேல் ஒருத்தர், கீழே ஒருத்தர், இரண்டு வீட்டிலும் ஒற்றைத் தட்டு.

"ஸ்குரூவ அரைச் சுத்துத் திருப்பிப் பாத்தேனுங்க. பெட்ரோல் வர்ற ஜெட்ட மாத்திப் பாத்தேன். ஒண்ணும் கேக்கல."

"அதையெல்லாம் தொடாதீங்க. இஞ்சின ஆஃப் பண்ணுங்க."

சுகந்தாமணி மேசைமேல் கிடந்த வேறொரு கார்புரேட்டரை எடுத்தார். கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினார்.

"தொண்டைக்குள்ள பாருங்கண்ணா."

ஆக்ஸிலேட்டர் நெம்புகோலை விரலால் தள்ளினார். உள்ளே ஊசி மருந்து மாதிரி ஒரு மெல்லிய பீச்சு அடித்து நின்றது.

"இப்ப உங்க வண்டியுதப் பாருங்க."

காரின் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு நெம்புகோலைத் தள்ளினார். ஒன்றுமில்லை. மறுபடி தள்ளினார். தொண்டை காய்ந்தே கிடந்தது.

இடுக்கியை உள்ளே விட்டு, பீச்சுகிற துளையிலிருந்து எதையோ இழுத்தார். அரை அங்குலம் செம்புக் கம்பி.

"யாருங்க அடைச்சது?"

"நாந்தானுங்க. மைலேஜுக்கு." நாச்சிமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மிதிக்கறப்பல்லாம் வீணாப் பீச்சுதேன்னு பாத்தேன். இஞ்சினுக்கு வேணும்னா மெயின் ஜெட்டுல இழுத்துக்கட்டுமே."

"இழுக்குமுங்க. மிதிச்சதும் காத்து ஓடி வந்துரும். பெட்ரோல் கனம், பின்னாலதான் வரும். அது வந்து சேர்றதுக்குள்ள இஞ்சின் நின்னுரும். அந்த இடைவெளிக்குத்தான் இந்தப் பீச்சு."

"இஞ்சின் கேக்கறதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியேதானுங்க."

சுகந்தாமணி கம்பியைத் துடைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வாங்க, ஓட்டிப் பாத்துரலாம்."

ஆழியாறு அணை தாண்டி மலை ஏறினார்கள். முதல் வளைவில் நாச்சிமுத்து பயந்து பயந்து மிதித்தார். கார் தும்மவில்லை. ஐந்தாவதில் நன்றாகவே மிதித்தார். ஒன்பதாவதில் திரும்பி மிதித்ததும் கார் சிணுங்காமல் ஏறியது. அவர் ஓரமாக நிறுத்தினார்.

"அடங்கிருச்சுங்களா?"

"இல்லீங்க. நாந்தான் நிறுத்துனேன்."

கீழே அணைத் தண்ணீர் தெரிந்தது. மணி பத்து. மேலே போக இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். படையல் உச்சி வேளைக்கு. இஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. இனி அதன்மேல் பழிபோட முடியாது. நாச்சிமுத்துவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னைக்கும் அவன் கூப்பிடலீங்க மேஸ்திரி. காலைல அஞ்சு மணில இருந்து போனப் பாத்துக்கிட்டு இருந்தேன். அண்ணா, வான்னு ஒரு வார்த்தை. அது கேட்டா நான் பறந்து போயிருவேன்."

மேலேயிருந்து பொள்ளாச்சி பஸ் ஒன்று இறங்கி வந்தது. சுகந்தாமணி காரை விட்டு இறங்கிக் கை காட்டினார். பஸ் நின்றது.

"நீங்க வரலீங்களா?"

"எனக்கென்னங்கண்ணா வேலை அங்க."

சட்டைப் பையிலிருந்து அந்தச் செம்புக் கம்பியை எடுத்து, கார் ஜன்னல் வழியாக நாச்சிமுத்துவின் உள்ளங்கையில் வைத்தார்.

"கேக்கறதுக்கு முன்னாடி பீச்ச வேண்டாம்னா திருப்பி அடைச்சுக்கங்க. மைலேஜ் நல்லாத்தான் குடுக்கும்."